அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பை ஒரே இரவில் எழுத நேர்ந்தபோது

கிறிஸ்தவ வீடுகளில் அடக்க ஆராதனையின்போது இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது வழக்கம். ஆனால் அதை யார் எழுதுவது, விவரங்களுக்கு யாரைக் கேட்பது என்பதை உயிரோடு இருக்கும்போது எந்த வீட்டிலும் பேசுவதில்லை. 2023-இல் சிங்கப்பூரில் அப்பா போனபோது அந்த வேலையும் மற்ற எல்லா வேலையும் என் தலையில்தான் விழுந்தன. அம்மா முன்பே போய்விட்டார். தம்பி ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறான். டிக்கெட் கிடைத்து வந்து சேர்வதற்குள் முக்கியமான முடிவுகளை நானே எடுத்துவிட வேண்டியிருந்தது. அப்பா இளவயதில் படைவீரர், பிறகு தச்சர், 1984 முதல் எங்கள் தமிழ்ச் சபையில் மூப்பர், அதாவது சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவர். படையில் பழகியவர்களுக்குச் சபை மக்களைத் தெரியாது. சபை மக்களுக்கு அவருடைய பட்டறையைத் தெரியாது. ஒரு மனிதரைப் பற்றி அங்கங்கே சிதறிக் கிடந்ததையெல்லாம் சேர்க்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது, நிறையப் பணமும் போனது. இதையெல்லாம் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று அழுத இரவுகள் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் காரியங்களைச் சொல்லிவிடுகிறேன். 2022 மே 29 முதல் சிங்கப்பூரில் இறப்பைப் பதிவு செய்ய நாம் எங்கும் போய் நிற்க வேண்டியதில்லை. மருத்துவர் இணையம்வழி சான்றளித்ததும் பதிவாகிவிடும். ஆனால் இறப்புச் சான்றிதழை ‘மை லெகசி’ இணையத்தளத்தில் நாம்தான் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு 30 நாள்தான் அவகாசம். அன்றைக்கே இறக்கி, இன்னொருவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். துக்க வீட்டில் கைப்பேசி எங்கே போனது என்றே தெரியாது. அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் உடலை வைக்க நகர மன்ற அனுமதி வேண்டும். பெரும்பாலும் ஈமச்சடங்கு நிறுவனமே வாங்கித் தந்துவிடும். பணம்தான் பிரச்சினை. எங்களுக்குச் சொன்ன தொகை 6,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), கடைசியில் கொடுத்தது 8,450. கூடுதல் மின்விசிறி, கூடுதல் மேசை, இரண்டாவது பேருந்து என்று ஒவ்வொன்றாக ஏறியது. “இந்தத் தொகையில் எதெல்லாம் சேராது?” என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். என்னென்ன சேரும் என்பதை அவர்களே அழகாகச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து வந்தது அடக்கமா தகனமா என்ற பேச்சு. “அண்ணனை எரிக்கிறதா? நம்ம குடும்பத்துல அந்த வழக்கமே இல்லம்மா” என்று சித்தப்பா கண் கலங்கினார். அப்பாவின் விருப்பம் எனக்குத் தெரியும், ஆனால் வாய்ப்பேச்சாகத்தான் தெரியும். தாத்தா 1958-இல் இறந்து பிடாடாரியில் அடக்கமானவர். அந்தக் கல்லறைத் தோட்டம் 1972-இல் மூடப்பட்டு, 2000-களின் தொடக்கத்தில் கல்லறைகளைத் தோண்டி எடுத்தார்கள். அன்றைக்கு அப்பா நேரில் போய் நின்றார், தாத்தாவின் எலும்புகளைப் பார்த்தார். அவற்றை எரித்த சாம்பலுக்கென்று தேக்கில் ஒரு சின்னப் பெட்டி செய்தார். அப்போதுதான் என்னிடம் சொன்னார்: “என்னை ரெண்டு தடவை தூக்க வேண்டாம்மா.” இப்போது இங்கே புதைக்க இருப்பது சுவா சூ காங் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான். அங்கேயும் 15 ஆண்டுகள்தான். அதன்பின் தோண்டி எடுத்துவிடுவார்கள். வந்திருந்த உறவினர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது, விலை உயர்ந்த கிரானைட் கல் வரைக்கும் பேச்சு போய்விட்டது. நல்லவேளையாக அப்பாவோடு பல வருடம் பணியாற்றிய இன்னொரு மூப்பர் எழுந்து, “என்கிட்டயும் இதையேதான் சொன்னாரு” என்றார். சித்தப்பா அதற்குமேல் பேசவில்லை. மண்டாய் தகனச்சாலையில் தகனம் செய்தோம். அந்த மூப்பர் வராமல் போயிருந்தால் குடும்பமே இரண்டாகியிருக்கும். பெரியவர்கள் இதைத் தங்கள் கையெழுத்தில் ஒரு வரி எழுதி, வேதாகமத்துக்குள் வைத்துவிட்டால் போதும்.

இனி வாழ்க்கைக் குறிப்புக்கு வருகிறேன். பாஸ்டர் கேட்டது ஒரு பக்கம், ஐந்து நிமிடம். இரவு பதினொரு மணிக்குமேல் கீழ்த்தளத்தில் கூட்டம் குறைந்தபிறகு, பிளாஸ்டிக் மேசையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அடையாள அட்டையில் ஒரு பிறந்த தேதி, குடும்ப வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் தாத்தா கையால் எழுதிய தேதி வேறு. இரண்டுக்கும் ஏழு மாத வித்தியாசம். அப்பா பிறந்தது 1941-இல், செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். அடுத்த பிப்ரவரியில் ஜப்பானியர் ஆட்சி வந்துவிட்டது. அந்த வயதுக்காரர்கள் பலரின் பதிவுகள் இப்படித்தான் குழம்பிக் கிடக்கின்றன. பிறகு ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தபோது தாத்தா எழுதியதுதான் சரி என்று தெரிந்தது. சட்டம், வங்கி, சேமநிதி தொடர்பான எதிலும் அடையாள அட்டைத் தேதியைத்தான் போட வேண்டும். அதில் கை வைக்காதீர்கள். வாழ்க்கைக் குறிப்பில் உண்மைத் தேதியைச் சொல்லலாம். ஏன் இரண்டு தேதி என்று ஒரு வரியில் விளக்கிவிட்டால் பிறகு பேரப்பிள்ளைகள் குழம்ப மாட்டார்கள்.

அதைவிடப் பெரிய குழப்பம் படைக்காலம். “போர்னியோவுல இருந்தேன்” என்பதற்குமேல் அப்பா வீட்டில் பேசியதில்லை. ஆராதனைத் தாளைத் தயாரித்தவர் “முன்னாள் படைவீரர்” என்று கேள்விப்பட்டு, “இரண்டாம் உலகப் போரில் பங்கேற்றவர்” என்று அச்சிட்டுக் கொண்டுவந்துவிட்டார். அந்தப் போர் முடிந்தபோது அப்பாவுக்கு வயது நான்கு! தாள் ஏற்கெனவே மேசையில் அடுக்கியாயிற்று. எனக்கு வந்த கோபத்தை வார்த்தையில் சொல்ல முடியாது. சின்னப் பிழைதானே என்றார்கள். ஒரு மனிதர் இளமையைக் கொடுத்துச் செய்த வேலையை விட்டுவிட்டு அவர் செய்யாததைச் சொன்னால், செய்தது அழிந்துபோகிறது. எனக்கு அது சின்னப் பிழையாகப் படவில்லை.

மறுநாள் மாலை ஒரு மலாய்ப் பாக்சிக் (பெரியவர்) தம் பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பெட்டியருகே ரொம்ப நேரம் நின்றார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் அப்பாவும் முதலாவது சிங்கப்பூர்க் காலாட்படையில் ஒரே பிளட்டூன் என்றார். 1957-இல் அமைந்த படைப்பிரிவு அது. அப்பா 1959-இல் சேர்ந்திருக்கிறார். 1963 டிசம்பரில் அவர்களைச் சபாவின் தாவாவ் பக்கம் இருக்கும் செபாத்திக் தீவுக்கு அனுப்பினார்கள். தீவின் ஒரு பாதி மலேசியா, மறு பாதி இந்தோனீசியா. இந்தோனீசியா மலேசியாவை எதிர்த்து 1963 முதல் 1966 வரை நடத்திய கொன்ஃபிரன்டாசி என்ற மோதலின் காலம் அது. சிங்கப்பூர் அப்போது மலேசியாவுக்குள் இருந்தது. முட்டியளவு சேற்றில் சுற்றுக்காவல் போனதையும், கொசுவையும், ஈரம் காயாத காலணியையும் பற்றி அவர் மலாயில் சொல்லிக்கொண்டே போனார். “உன் அப்பா ரேஷன் பெட்டிப் பலகையைப் பிரித்து எங்களுக்கு ஸ்டூல் செய்து கொடுப்பான். ஆணியைக்கூட நிமிர்த்தித்தான் அடிப்பான்.” அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை உடைந்தது. அப்பா ஆணியை நிமிர்த்துவதை நான் சின்ன வயதில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்: ஒரு இரும்புத் துண்டின்மேல் வைத்து, இடது கையால் உருட்டிக்கொண்டே, வலது கையால் மெல்லத் தட்டுவார். அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதே மோதலில் 1965 மார்ச் 10-இல் இங்கே மூன்று பேர் உயிரிழந்த மெக்டோனல்ட் ஹவுஸ் குண்டுவெடிப்பை என் மகள் பள்ளியில் படித்திருக்கிறாள். 2015-இல் தோபி காட்டில் வைத்த நினைவுச் சின்னத்தைத் தாண்டித்தான் தினமும் போகிறாள். தாத்தா அந்தச் சண்டையில் நின்றவர் என்பது அவளுக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அஞ்சலி செலுத்த வருகிறவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி கோடு போட்டு வையுங்கள்: “இவரை எப்படித் தெரியும்”, “தொலைபேசி எண்”. யாராவது இளைஞரைப் பக்கத்தில் உட்கார வைத்து வயதானவர்களுக்கு எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். பாக்சிக்கின் பேரன் தானாகவே எண்ணைத் தந்துவிட்டுப் போனதால்தான் பிறகு நான் அவரை வீட்டில் போய்ப் பார்த்து, அனுமதி வாங்கிப் பேச்சைப் பதிவு செய்ய முடிந்தது. கீழ்த்தளத்தில் பதிவு செய்தது மின்விசிறி இரைச்சலில் ஒன்றுக்கும் உதவவில்லை. அன்று வந்த பட்டறைக்காலத்து நண்பர்கள் பலரின் முகம் எனக்கு நினைவிருக்கிறது, பெயர் தெரியாது. அவர்களை இனி எங்கே தேடுவது?

அடக்க ஆராதனையில் ஆண்டும் பதவியுமாக எழுதி வைத்திருந்ததை ஓரமாக வைத்துவிட்டு, ஆராதனைத் தாளில் இருந்த தவற்றைத் திருத்திச் சொன்னேன். பிறகு ஸ்டூல் கதையையும், பிடாடாரிப் பெட்டியையும், ஞாயிறு காலையில் எல்லாருக்கும் முன்னால் வந்து அப்பா ஆலயக் கதவைத் திறப்பதையும் சொன்னேன். மூன்று நிகழ்ச்சிகள்தான். இன்றைக்கும் சபையில் அவற்றைத்தான் திரும்பச் சொல்கிறார்கள்.

அதன்பின் வீட்டைக் காலி செய்யும் வேலை. அப்பாவின் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஓர் அறை முழுக்கத் தச்சுச் சாமான். பிரிட்டிஷ் படைகள் 1971-இல் வெளியேறிய சமயத்தில் வாங்கிய இழைப்புளிகள், 2017-இல் மூடும் வரைக்கும் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் பொறுக்கி எடுத்த உளிகள். பழைய சாமான் வாங்கும் காராங்கூனிக்காரர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 60 வெள்ளி தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை, சபை இளைஞர்களில் கைவேலை தெரிந்த இருவருக்குப் பிரித்துக் கொடுத்தேன், தினமும் பயன்படுத்துகிறார்கள். தளவாடங்களை அப்புறப்படுத்த ஒரு நிறுவனத்துக்கு 450 வெள்ளி கொடுத்தேன். வைத்துக்கொள்ள வேண்டிய பெட்டிகளில் சிவப்புத் தாள் ஒட்டி, மேற்பார்வையாளரிடம் காட்டியும் சொன்னேன். நான் தண்ணீர் வாங்கக் கீழே இறங்கிய நேரத்தில் அவற்றில் ஒன்றையும் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். அதில் இருந்தவை அப்பா அளவு போட்டு வரைந்த நோட்டுகள். முப்பது வருட வேலை. தொலைபேசியில் கேட்டபோது எரியாலைக்குப் போயாயிற்று என்றார்கள். பணத்தில் பாதியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள், அதுவும் வரவில்லை. இன்னும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது. தாள் ஒட்டுவதை நம்பாதீர்கள். வேண்டியதை முந்தின நாளே வேறு வீட்டுக்கு, முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காவது மாற்றிவிட்டு, அதன்பின் ஆளை வரச்சொல்லுங்கள்.

நோட்டுகள் போனபிறகு அப்பாவின் தச்சு வேலைக்கு ஆதாரமே இல்லை என்று துவண்டு போயிருந்தேன். ஒரு நாள் ஆலயத்தில் பிரசங்க பீடத்தை நகர்த்தித் தரையைக் கழுவினார்கள். சாய்த்துப் பிடித்தபோது அடியில் தச்சுப் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தேன்: நியாத்தோ மரம், 1979 ஜூன், உயரம், அகலம், கீழே அப்பாவின் முதலெழுத்து. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தையும் அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார். கை வைத்தால் வழுக்கியது. அன்றைக்கு நானும் இளைஞர்களும் ஒவ்வொரு பெஞ்சாகக் கவிழ்த்துப் பார்த்தோம். காணிக்கைப் பெட்டி, பாட்டுப் புத்தக அலமாரி, எங்கள் வீட்டுக் கட்டிலின் தலைமாட்டுப் பலகை, அத்தை வீட்டு அரிசிப் பெட்டி என்று எல்லாவற்றிலும் இருந்தது. மரத்தோடு மரம் சேரும் பூட்டுகளையும் பார்த்தோம். ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி மற்றதன் துளைக்குள் இறக்கி, குறுக்கே ஒரு மர ஆணி. இரும்பே கிடையாது. தொலைந்த நோட்டுகளில் பாதி இப்படித் திரும்ப வந்தது. தச்சரோ, தையற்காரரோ, யாராக இருந்தாலும் அவர் செய்த பொருளின் அடிப்பக்கம், இழுப்பறையின் பின்பக்கம், தையலின் உட்புறம் ஆகியவற்றைப் பார்த்துப் படம் எடுங்கள். வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால் மங்கிய பென்சில் எழுத்து நன்றாகத் தெரியும்.

மூப்பர் வாழ்க்கையைத் தொகுப்பதில் வேறு மாதிரிச் சங்கடம். அப்பா வீடு வீடாகப் போய்ச் சந்தித்ததைச் சின்னக் குறிப்பேடுகளில் எழுதி வைத்திருந்தார். ஆசையோடு திறந்தேன், சில பக்கங்களிலேயே மூடிவிட்டேன். யாருக்கு என்ன வியாதி, யார் வீட்டில் கணவன் மனைவி பேசிக்கொள்வதில்லை, யாருக்குக் கடன், எந்தப் பிள்ளை சிறையில் என்பதெல்லாம் ஜெபக் குறிப்பாக எழுதியிருந்தது. அந்த மனிதர்கள் ஞாயிறுதோறும் எனக்கு முன்னால் உட்காருகிறவர்கள். அப்பாவின் அருமை தெரிய வேண்டுமென்றால் இவற்றைத்தான் காட்ட வேண்டும். காட்டினால் அவர் நாற்பது வருடம் காத்த நம்பிக்கை போய்விடும். பாஸ்டரிடம் கொண்டுபோனேன். பெயரும் விவரமும் உள்ள பக்கங்களை இருவருமாகச் சேர்ந்து கிழித்து எரித்தோம். தேதியும் அவர் படித்துக்கொடுத்த வசனங்களும் மட்டும் உள்ள பக்கங்களை வைத்துக்கொண்டேன். அப்பா இரகசியமாகச் செய்த உதவிகளைப் பற்றிப் பலர் வந்து சொன்னார்கள். உதவி பெற்றவரே வந்து “எழுதலாம்” என்று சொன்னதை மட்டும் சேர்த்தேன். மற்றவர் சொல்லக் கேட்டதைச் சேர்க்கவில்லை, அது எவ்வளவு நல்ல கதையாக இருந்தாலும்.

சேமநிதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மத்திய சேமநிதிப் (சிபிஎஃப்) பணம் உயிலில் வராது; அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்திருக்க வேண்டும். அப்பா நியமித்திருந்தது அம்மாவை. அம்மா முன்பே இறந்துவிட்டதால் அந்தப் பங்கு பொது அறங்காவலர் அலுவலகம் வழியாகத்தான் எங்களுக்கு வந்தது, கட்டணமும் பிடித்துக்கொண்டார்கள், மாதக்கணக்கில் ஆனது. பெற்றோரில் ஒருவர் இறந்ததும் மற்றவரின் நியமனத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். துக்கத்தில் யாருக்கும் தோன்றாத வேலை இது.

முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கு அப்பாவைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போட்டேன். 200 பிரதிக்கு 1,150 வெள்ளி. நான் ஒப்புதல் தந்த பிடிஎஃப் கோப்பில் எல்லாம் சரியாக இருந்தது. அச்சகத்தார் பக்க அளவை மாற்றுவதற்காக எழுத்தை வேறு மென்பொருளில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள், என்னிடம் சொல்லவேயில்லை. வந்த புத்தகத்தில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தள்ளி நின்றன; அப்பாவின் பெயரையே வாசிக்க முடியவில்லை. தமிழ் தெரியாதவர்கள் என்பதால் அவர்களுக்கு வித்தியாசமும் தெரியவில்லை. பணம் திரும்பவில்லை. வேறிடத்தில் 980 வெள்ளி கொடுத்து மறுபடியும் அச்சிட்டேன். புத்தகம் வடிவமைக்கும் மென்பொருள்களில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் இப்படித்தான் உடையும். எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதிந்து கொடுங்கள். “கோப்பைத் திறந்து எதையும் மாற்றக் கூடாது” என்று எழுதிக் கொடுங்கள். முழு அச்சுக்குமுன் ஒரே ஒரு பிரதியைத் தாளில் அடித்து வாங்கி, கொ, கௌ, ணை போன்ற எழுத்துகள் வரும் இடங்களை விரல் வைத்துப் பாருங்கள். திரையில் பார்த்து ஒப்புதல் தராதீர்கள்.

ஆண்டுகளைச் சரிபார்க்கத் தேசிய நூலகத்தின் ‘நியூஸ்பேப்பர் எஸ்ஜி’ என்ற பழைய நாளிதழ் இணையத்தளம் பெரிதும் உதவியது. பழைய ஆங்கில நாளிதழ்களோடு தமிழ் முரசும் அதில் இருக்கிறது. பெயரைப் பல எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். நம்முடைய பெயர்களை அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறார்கள். சில இதழ்களை நூலகத்துக்கே போய்த்தான் பார்க்க முடியும்.

இப்போது எங்கள் சபை இளைஞர்களும் நானும் எழுபது வயது தாண்டியவர்களின் வீடுகளுக்குப் போகிறோம். “உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்” என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் “என்னம்மா சொல்றது, கர்த்தர் நடத்தினார்” என்பதோடு முடிந்துவிடும். ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்து, “இது யார் வீட்டு வாசல், பக்கத்தில் நிற்பது யார்” என்று கேட்கிறோம். தொழில் செய்தவரானால் அவருடைய கருவியைக் கையில் கொடுக்கிறோம். கை அசையத் தொடங்கினால் வாயும் தானாகத் திறக்கும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் போதும், அதற்குமேல் அவர்கள் களைத்துவிடுவார்கள். பெயர்களைப் படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் எழுதுகிறோம். பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும், மையும் ஊறும். ஆல்பத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை, அங்கேயே சாப்பாட்டு மேசையில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு வீட்டில் ஒரு படம் தொலைந்தது என்று பேச்சு வந்தால் அடுத்த வீட்டில் அலமாரியைத் திறக்கவே மாட்டார்கள்.